செய்முறைக் கையேடு: ‘முக்கிய எண்ணுருக்கள்’ போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

பதினோராம் வகுப்பு இயற்பியல் செய்முறைக் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். ஓர் அளவீட்டில் கருவியை நம்பி எழுதக்கூடிய இலக்கங்களைத் தமிழ்நாட்டுப் பாடநூல் ‘முக்கிய எண்ணுருக்கள்’ (significant figures) என்கிறது. வகுப்பில் இது படுத்தும் பாடு எனக்குத்தான் தெரியும். திருகு அளவியில் கம்பியின் விட்டம் 0.56 மி.மீ. என்று சரியாக அளந்த பெண், குறுக்குவெட்டுப் பரப்பை 0.246300864 ச.மி.மீ. என்று கால்குலேட்டரில் வந்தபடியே ரெக்கார்டு நோட்டில் எழுதியிருக்கிறாள். கேட்டால், “எல்லாமே முக்கியம்தானே மிஸ்” என்கிறாள். அளந்தது இரண்டு இலக்கம், ஆகவே விடை 0.25. இதைச் சொல்லிலேயே உணர்த்த வழி உண்டா?

க.

---

அன்புள்ள க. அம்மாவுக்கு,

‘முக்கியம்’ வடசொல். ‘முகம்’ என்ற சொல்லிலிருந்து பிறந்தது. முகமே தமிழ்தான் என்று தனித்தமிழறிஞர் பாவாணர் வழி வந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். நம்மிடம் ‘பொருள்’ இருக்கும்போது கடன் எதற்கு? “எல்லாச் சொல்லும் பொருள் குறித்தனவே” என்கிறது தொல்காப்பியம். அளவைக் குறிக்கும் இலக்கம் பொருளுறு இலக்கம். 0.0045இல் முன்னால் நிற்கும் சுழியங்கள் இடத்தை மட்டும் காப்பவை, அவை அசைநிலை, அதாவது தனிப்பொருள் இல்லாமல் இடம் நிரப்ப வரும் சொல் போல. இலக்கணம் படித்த பிள்ளைக்கு ஒரு நொடியில் விளங்கும்.

ந.

---

ந. ஐயா, இலக்கணம் படித்த பிள்ளையை எங்கே தேடுவது? அது கிடக்கட்டும். 2.50 என்று எழுதினால் கடைசிச் சுழியம் கணக்கில் சேரும், மூன்று இலக்கம். வெறும் 2500இல் கடைசி இரண்டு சுழியங்கள் அளந்து வந்தவையா, இடம் நிரப்ப வந்தவையா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் 2.5 × 10³ என்றோ 2.500 × 10³ என்றோ எழுதச் சொல்கிறோம். உங்கள் அசைநிலை இங்கே என்ன செய்யும்?

செ.

---

தம்பி செ., நல்ல கேள்வி. ‘அவனே’ என்பதில் வரும் ஏகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தேற்றம் (உறுதி), வினா, பிரிநிலை, எண், ஈற்றசை (இறுதியில் வெறும் அசையாக நிற்பது) என ஐந்து வேலை அதற்கு. 2.50இன் சுழியம் தேற்றம். ‘இதுவரை உறுதி’ என்கிறது. 2500இல் தேற்றமா ஈற்றசையா என்ற ஐயம். பத்தின் அடுக்கில் எழுதினால் ஐயம் தீர்ந்தது. ‘தேற்ற இலக்கம்’ என்றே வைத்துவிடலாம் போலிருக்கிறது!

ந.

---

ஐயா, அளவீட்டின் கடைசி இலக்கம் கொஞ்சம் ஐயத்துக்குரியது என்பதுதான் பாடமே. உறுதியானவையும் அதற்கடுத்த ஐயமான ஒன்றும் சேர்ந்தே எண்ணப்படும். ‘தேற்றம்’ என்றால் அடிப்படையே கவிழும்.

செ.

---

வணக்கம். யாழ்ப்பாணத்தில் படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்லுகிறேன். ‘எண்ணுரு’ எதற்கு? இலக்கம் என்றே எழுதுங்கள். அப்படியே ‘முழுமைப்படுத்தல்’ என்பதையும் யோசியுங்கள். 0.246ஐ 0.25 ஆக்குவதில் என்ன முழுமை? நாங்கள் ‘மட்டந்தட்டல்’ என்போம்.

இ.

---

இ. அண்ணா, இங்கே ஆளைத்தான் மட்டந்தட்டுவோம்! வகுப்பில் சொன்னால் ஒரு வாரம் சிரிப்பார்கள். ஆனாலும் கொத்தனார் மட்டம் பார்ப்பதை நினைத்தால் உங்கள் சொல்தான் பொருத்தம். ‘இலக்கம்’ பழைய வழக்கில் நூறாயிரத்தையும் குறிக்கும் என்று யாராவது கிளம்புமுன் நானே சொல்லிவிடுகிறேன்.

க.

---

சுழியம் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. எவரெஸ்டின் உயரம் என்று 1856இல் அறிவித்தது 29,002 அடி. கணக்கு மிகச் சரியாக 29,000 என்று வந்ததாகவும், அதைச் சொன்னால் குத்துமதிப்பு என்று நினைப்பார்களே என்று இரண்டடி சேர்த்ததாகவும் ஒரு கதை உண்டு. கதை மெய்யோ பொய்யோ, 2.9000 × 10⁴ என்று எழுதியிருந்தால் அந்த இரண்டடி தேவைப்பட்டிருக்காது. அந்த உயரத்தைக் கணித்த இந்திய நில அளவைக்கு ஆங்கிலேய அதிகாரி லாம்டன் அடிக்கோடு (மற்ற தூரங்களைக் கணிக்க முதலில் அளக்கும் கோடு) அளந்தது 1802இல், நம் பரங்கிமலைப் பக்கம்தான்.

வே.

---

வே. ஐயா, அருமை, ஆனால் இழை இமயமலை ஏறிவிட்டது. நாளை வெள்ளி. பிள்ளைகள் தேர்வில் எழுதப்போவது பாடநூல் சொல்லைத்தான். கையேடு வேறு சொல்லைச் சொன்னால் மதிப்பெண் போவது அவர்களுக்கு, நமக்கல்ல. ‘முக்கிய எண்ணுரு’ என்றே போகட்டும். முதலில் வரும் இடத்தில் ‘கருவி உறுதி தரும் இலக்கங்களும், அடுத்து மதிப்பிட்டு எழுதும் ஓர் இலக்கமும்’ என்று ஒரு வரி விளக்கம் சேருங்கள். விடையைப் பெருக்கலில் குறைந்த முக்கிய எண்ணுருவுக்கும், கூட்டலில் குறைந்த தசம இடத்துக்கும் நிறுத்த வேண்டும் என்ற வேறுபாட்டையும் அங்கேயே கட்டம் கட்டிப் போட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

செ.

---

சரி, அப்படியே செய்கிறேன். இ. அண்ணா, வே. ஐயா இருவரும் தனிமடலில் ஒப்புக்கொண்டார்கள். ‘முழுமைப்படுத்தல்’ இருக்கட்டும், சொற்பட்டியலில் ‘மட்டந்தட்டல்’ பக்கத்தில் நிற்கும்.

க.

---

நான் ஒப்பவில்லை என்பதைப் பதிவு செய்யுங்கள். தேர்வுக்குப் பயந்து சொல்லாக்கினால் எந்தச் சொல்லும் மாறாது. சொற்பட்டியலில் அடைப்புக்குள்ளாவது ‘பொருளுறு இலக்கம்’ வரட்டும். முகம் தமிழே என்பதற்கான சான்றுகளை நாளை தனி இழையில் எழுதுகிறேன்.

ந.