வேன் ஃப்ரிட்ஜ் நின்றுவிட்டது, அவசரம்

பாளை வேன்: அம்மாவோடு காலையில் கிளம்பினோம். பத்தமடையில் பாய் வாங்கி, சேரன்மகாதேவியில் ஆற்றில் குளித்து, இப்போது திருப்புடைமருதூர். ஃப்ரிட்ஜ் நின்றுவிட்டது. ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது. வண்டி ஸ்டார்ட் ஆகிறது. பாட்டரி போன மாதம்தான் புதுசு. என்ன செய்ய?

கல்லிடைக்காரன்: எந்த வருட வண்டி? ஃப்ரிட்ஜுக்குத் தனி பாட்டரியா, எஞ்சின் பாட்டரியிலேயே இழுத்திருக்கிறதா?

வெயில் பிரியன்: மருத மரத்தடியில் நிறுத்தியிருப்பீர்கள். சோலார் பேனலில் நிழல் விழுந்தால் இப்படித்தான். வெயிலுக்கு நகர்த்துங்கள்.

பாளை வேன்: பேனலே கிடையாது.

பழைய டிரைவர்: இதைப் பத்து தடவை எழுதிவிட்டேன், யாரும் படிப்பதில்லை. பிஎஸ்6 (2020-இல் வந்த புகை விதி) வண்டிகளில் பாட்டரி நிறைந்ததும் ஆல்டர்நேட்டர், அதாவது எஞ்சின் ஓடும்போது பாட்டரியை ஏற்றுகிற மெஷின், வோல்ட்டைக் குறைத்துவிடும். இரண்டு பாட்டரியையும் இணைக்கிற ஸ்விட்ச்சாகச் சாதா ரிலே போட்டால் இரண்டாவது பாட்டரி ஏறாது. வோல்ட் மீட்டர் பிடிக்கத் தெரியாதவர்கள் வேனில் ஃப்ரிட்ஜ் வைக்கக் கூடாது.

கல்லிடைக்காரன்: அண்ணாச்சி, வழியில் நிற்கிறவரிடம் பாடம் வேண்டாம். பிஎஸ்6-ஆ என்றே இன்னும் தெரியாது.

பாளை வேன்: 2016 வண்டி. தனி பாட்டரிதான், 100 ஆம்பியர் ஹவர். மீட்டர் இருக்கிறது. சொல்ல விட்டுப்போச்சு, ஃப்ரிட்ஜில் அம்மாவின் இன்சுலின் இருக்கிறது.

ஆத்தங்கரை அக்கா: தம்பி, அதை முதலில் வெளியே எடுங்கள். ஒரு மண்பானையில் ஆற்று மணலை நனைத்துப் போட்டு, மருந்தைத் தண்ணீர் புகாத பையில் கட்டி நடுவில் வைத்து, ஈரத்துணியால் மூடி நிழலில் வையுங்கள். மணல் காயவிடாதீர்கள். ஐஸ் மேல் நேராக வைக்காதீர்கள், உறைந்தால் மருந்து வீண். பிரித்த குப்பி சில வாரம் வெளியே தாங்கும், ஆனால் பூட்டிய வேனின் சூட்டில் தாங்காது. பெட்டியில் போட்டிருக்கும் வெப்ப அளவையும் பாருங்கள்.

குற்றாலத்தான்: பேசாமல் குற்றாலம் போய்விடுங்கள், குளுகுளுவென்று இருக்கும்.

ஆத்தங்கரை அக்கா: மே மாதத்தில் குற்றாலத்தில் பாறைதான் இருக்கும். பாபநாசம் அகஸ்தியர் அருவியில்தான் வருஷம் முழுக்கத் தண்ணீர்.

குற்றாலத்தான்: சாரல் காலத்தில் வந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்!

கல்லிடைக்காரன்: அருவிச் சண்டை அப்புறம். ஃபேன் மெதுவாகச் சுற்றினால் வயர் அறுபடவில்லை, பாட்டரி இறங்கியிருக்கிறது. ஃப்ரிட்ஜ் 4, 5 ஆம்பியர் இழுக்கும். லெட் ஆசிட் பாட்டரியில் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது. காலையிலிருந்து வண்டி ஓடியும் இறங்கியிருக்கிறது என்றால், ஓடும்போது ஏறவே இல்லை. எஞ்சினை ஓடவிட்டு இரண்டு பாட்டரியையும் அளந்து சொல்லுங்கள்.

பாளை வேன்: எஞ்சின் பாட்டரி 14.1 வோல்ட். ஃப்ரிட்ஜ் பாட்டரி 11.8.

கல்லிடைக்காரன்: ஆல்டர்நேட்டர் நல்லது, நடுவில்தான் தடை. எஞ்சினை அணைத்துவிட்டு பாட்டரி பக்கம் உள்ள ஃபியூஸ் ஹோல்டரைத் திறங்கள். பாட்டரி மாற்றியபோது அதைத்தான் அசைத்திருப்பார்கள். ஃபியூஸ் போயிருந்தால் அதே அளவுதான் போட வேண்டும், வயரைச் சுற்றாதீர்கள்.

பழைய டிரைவர்: ரிலேதான். எழுதித் தருகிறேன்.

பாளை வேன்: ஹோல்டருக்குள் பச்சைக் களிம்பு, ஒரு கால் கறுத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினேன். எஞ்சின் ஓடும்போது ஃப்ரிட்ஜ் பாட்டரி இப்போது 13.6. இன்சுலின் பானையில் இருக்கிறது, கோயில் பக்கத்து வீட்டில் கொடுத்தார்கள். அம்மா கோபுரத்து ஓவியம் பார்க்கப் போயிருக்கிறார்கள். நன்றி அக்கா, நன்றி கல்லிடை அண்ணாச்சி.

ஆத்தங்கரை அக்கா: மரச் சிற்பங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். வீடு திரும்பியதும் ஹோல்டரைப் புதிதாக மாற்றிவிடுங்கள், கறுத்தது மறுபடியும் சூடாகும்.