பீடியாட்ரிக் கிரிட்டிக்கல் கேர்: டிஎம்மா, எஃப்என்பியா?

வணக்கம் டாக்டர்ஸ், எம்டி பீடியாட்ரிக்ஸ் முடிச்சிட்டு இப்போ பிஐசியூல (குழந்தைகள் ஐசியூ) சீனியர் ரெசிடென்ட்டா இருக்கேன். டெங்கு ஷாக்ல பல்ஸ் பிரஷர் (பிபியோட மேல் நம்பருக்கும் கீழ் நம்பருக்கும் உள்ள வித்தியாசம்) 20க்கு கீழ போய் கைகால் சில்லுன்னு வர்ற குழந்தைக்கு ஃப்ளூயிட் பார்த்துப் பார்த்து ஏத்தி, விடியக்காலைல யூரின் போயிடுச்சு டாக்டர்னு சிஸ்டர் சொல்றப்போ வர்ற சந்தோஷம் வேற எதுலயும் இல்ல, அதனால இந்த ஃபீல்டுதான்னு முடிவு பண்ணிட்டேன். நீட் எஸ்எஸ் (சூப்பர் ஸ்பெஷாலிட்டி நுழைவுத் தேர்வு) எழுதி 3 வருஷம் டிஎம் (சூப்பர் ஸ்பெஷாலிட்டி டிகிரி) பண்றதா, இல்ல 2 வருஷ எஃப்என்பி (நேஷனல் போர்டு ஃபெலோஷிப்) போதுமான்னுதான் குழப்பம். வீட்ல கைக்குழந்தை இருக்கு, சென்னைலயே கிடைச்சா நல்லது. எழும்பூர் ஐசிஎச் (அரசு குழந்தைகள் ஆஸ்பத்திரி), காஞ்சி காமகோடி சைல்ட்ஸ் டிரஸ்ட் ஆஸ்பத்திரி பக்கம் பிஐசியூல வேலை பார்த்தவங்க இருந்தா சொல்லுங்க ப்ளீஸ், வென்டிலேட்டர், டயாலிசிஸ் எல்லாம் நம்ம கையாலயே செய்ய விடுவாங்களா, நைட் டூட்டில கேட்டா கன்சல்டன்ட் வருவாங்களா? ஸ்டைபண்ட விட எனக்கு அதுதான் முக்கியம்.