கார்ஃபீல்டின் முதுகெலும்பு: நேரில் பார்த்தவர்கள் பகிரலாம்

அமெரிக்காவின் சில்வர் ஸ்பிரிங்கில் உள்ள மருத்துவ அருங்காட்சியகத்துக்குப் போய்வந்து ஆண்டுகள் சில ஆகியும் அந்த எலும்பு என் கண்ணைவிட்டு அகலவில்லை. பழுப்பேறிய முதுகெலும்புத் துண்டு. குண்டு துளைத்த வழியைக் காட்ட அதன் ஊடே ஒரு சிவப்புக் குச்சி. அவ்வளவுதான். 1881 ஜூலை 2 அன்று வாஷிங்டன் ரயில் நிலையத்தில் சுடப்பட்ட அதிபர் கார்ஃபீல்டின் தண்டுவடத்தை அந்தக் குண்டு தொடவே இல்லை. ஆனாலும் 79 நாள் துடித்து இறந்தார். தொலைபேசி புகழ் பெல், உடலுக்குள் இருக்கும் உலோகத்தை ஒலியால் காட்டும் கருவியோடு வந்தபோது, தலைமை மருத்துவர் பிளிஸ் வலப்பக்கத்தைத் தவிர வேறெங்கும் தேட விடவில்லை. படுக்கையிலிருந்த எஃகுக் கம்பிகள் வேறு கருவியைக் குழப்பின. பிணக்கூறாய்வில் குண்டு இடப்பக்கம் இருந்தது. கழுவாத விரல்களை விட்டுத் துழாவித் துழாவியே புண்ணைச் சீழ்பிடிக்க வைத்த அந்த மருத்துவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

———

மேலே எழுதியவரின் கோபம் புரிகிறது. ஆனால் முழுப் பழியையும் பிளிஸ் ஒருவர் தலையில் போடுவது முறையன்று. பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் லிஸ்டர் 1876இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவுக்கே வந்து கார்பாலிக் அமிலத்தால் புண்ணைக் காக்கும் முறையை விளக்கினார். கண்ணுக்குத் தெரியாத கிருமி ஆளைக் கொல்லும் என்பதைக் கேட்டவர்களில் பலர் நம்பவில்லை. விரலை விட்டுக் குண்டைத் தேடுவது அன்றைய அமெரிக்க மருத்துவர்களிடையே பரவலான வழக்கம். பிளிஸைக் குறை சொல்வதென்றால், மாற்றுக் கருத்துடைய மருத்துவர்களை அண்டவிடாததையும், அதிபர் தேறிவருகிறார் என்றே அறிக்கை விட்டுக்கொண்டிருந்ததையும் சொல்லுங்கள்.

நான் பார்த்தது நியூயார்க் மாநிலத்து மவுண்ட் மெக்ரிகரில், முன்னாள் அதிபர் கிராண்ட் இறந்த வீடு. தொண்டைப் புற்றுநோயால் படுத்துறங்க முடியாத அவர், எதிரெதிரே போட்ட இரண்டு தோல் நாற்காலிகளில் சாய்ந்து இரவைக் கழித்துக்கொண்டே தன்வரலாற்றை எழுதி முடித்தார். அந்த நாற்காலிகள் அங்கேயே இருக்கின்றன. கடிகாரம் 8 மணி 8 நிமிடத்தில் நிற்கிறது; 1885 ஜூலை 23 காலை அவர் மூச்சு அடங்கியதும் மகன் நிறுத்தியது.

———

வெர்மான்ட் மாநிலத்துப் பிளிமத் நாட்ச்சில் இன்னோர் அதிபரான கூலிட்ஜின் தந்தை வீட்டைப் பார்த்திருக்கிறேன். அதிபர் ஹார்டிங் இறந்த செய்தி வந்த இரவு, 1923 ஆகஸ்ட் 3 அதிகாலை 2.47க்கு, நோட்டரியாக இருந்த தந்தையே மண்ணெண்ணெய் விளக்கொளியில் மகனுக்கு அதிபராகப் பதவிப் பிரமாணம் செய்துவைத்த அறை, நம் ஊர் முன்கூடம்போலச் சிறியது.

இருவருக்கும் ஒன்று சொல்வேன். எலும்பையும் கடிகாரத்தையும் பார்த்தவர்கள் அதிபர்கள் கையால் எழுதிய தாள்களையும் பார்த்தாக வேண்டும். வாஷிங்டன் முதல் கூலிட்ஜ் வரை 23 அதிபர்களின் தாள்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. வீட்டிலிருந்தே கணினியில் படிக்கலாம். பெரிய பெயர்களை விட்டுவிட்டு, கார்ஃபீல்டுக்குப் பின் வந்த ஆர்தர் போன்றவர்களிடம் தொடங்குங்கள். அச்சுப் பிரதியை முதலில் தொடாதீர்கள். அடித்தல் திருத்தலோடு மூலத்தைப் படித்தால்தான் எழுதியவர் எங்கே தயங்கினார் என்பது தெரியும். லிங்கனை விடவே முடியாது என்பவர்கள் அவரது புகழ்பெற்ற கெட்டிஸ்பர்க் உரையின், அவர் செயலாளர் நிக்கோலேயின் பெயரால் அறியப்படும் கையெழுத்துப் படியைத் திறந்து பாருங்கள். முதல் பக்கம் மையில், இரண்டாம் பக்கம் பென்சிலில்.