ஓடிபி சொல்லிட்டா வாரண்டி செத்துப்போச்சா?

ஊத்துக்குளிவெண்ணெய்:
பக்கத்து இழையில கிண்டிக்காரன் அண்ணன் ஒரு தீர்ப்பு எழுதியிருக்கார். "ஓடிபி சொல்லி ஜாப் க்ளோஸ் ஆயிடுச்சுன்னா அதுக்கப்புறம் கம்பெனியை ஒரு வார்த்தை கேக்க முடியாது"ன்னு. ரிப்பேர் முடிஞ்சு பொருளை வாங்கும்போது போனுக்கு வர்ற எண்ணைச் சொன்னா வேலை முடிஞ்சதா கணக்கு, அதைத்தான் சொல்றார். அதுக்குக் கீழே நாலு பேர் கைதட்டல் வேற. படிச்சதுல இருந்து எரியுது. அதான் தனி இழை.

என் கதை இது. லேப்டாப்புல சார்ஜ் ஏறல. வாரண்டி இருக்கு. சர்வீஸ் சென்டர்ல மதர்போர்டு மாத்தினாங்க, சார்ஜ் ஏறுது. ஆனா மூடியைப் பாதி திறந்து வெச்சா திரையில பச்சைக் கோடு ஓடுது. கொஞ்சம் ஆட்டினா மொத்தமா கறுப்பு. கொடுக்கும்போது இந்தக் கோளாறு சுத்தமா கிடையாது. திருப்பிப் பார்த்தா அடிமூடியில ஒரு திருகையும் காணோம். கேட்டா, "இது புதுக் கம்ப்ளெயின்ட் சார், பிசிகல் டேமேஜ், டிஸ்ப்ளேக்குப் பணம் கட்டணும்"கிறான். கம்பெனி பேர் எழுதல. எழுதினா மட்டுறுத்துநர் இழையையே தூக்கிடுவார்.

கிண்டிக்காரன்:
தம்பி, சர்வீஸ் சென்டர் கவுண்டர்ல குப்பை கொட்டினவன் நான். ஒரே கேள்விதான். ஓடிபி சொன்னீங்களா, இல்லையா?

ஊத்துக்குளிவெண்ணெய்:
சொன்னேன். கவுண்டர்ல மூடியை முழுசா சாய்ச்சு வெச்சுக் காட்டினான், படம் பளிச்சுனு இருந்தது. பாதி திறந்தாத்தானே கோடு ஓடும்? அதை அங்கே எப்படிப் பார்க்கிறது?

கிண்டிக்காரன்:
ஆக, சொன்னீங்க. மெசேஜ்லயே எழுதியிருப்பான், வேலை திருப்தியா இருந்தா மட்டும் எண்ணைச் சொல்லுங்கன்னு. படிச்ச பிள்ளைதானே.

ரிச்சித்தெரு:
கோடு எதுக்கு ஓடுதுன்னு யாராவது பேசுறீங்களா? டிஸ்ப்ளே கேபிள் கீல் ஓரமா வளைஞ்சு போய்த்தான் போர்டுல சொருகும். போர்டு மாத்தணும்னா அதைக் கழட்டியே ஆகணும். திருப்பி மாட்டும்போது பள்ளத்துல உட்காராம விட்டா கீல் நசுக்கிடும். மூடி ஒரு கோணத்துக்கு வந்தா கோடு, அந்தக் கோணம் தாண்டினா சரி. பேனல், அதாவது திரையே போயிருந்தா எந்தக் கோணத்துலயும் கோடு இருக்கும். வெளி மானிட்டர்ல போட்டுப் பாருங்க. அதுல படம் சுத்தமா இருந்தா போர்டு மேல தப்பில்ல, இது கேபிள்தான்.

கிண்டிக்காரன்:
வந்துட்டார்யா தெரு டாக்டர். போட்டோ பார்க்காமலே ஆபரேஷன். வெளிக்கடையில திறந்தா இருக்குற வாரண்டியும் காலி, தம்பி ஜாக்கிரதை. அப்புறம், கேபிளா பேனலாங்கிறது இல்ல கேள்வி. ஓடிபி சொன்னாரா இல்லையா, அதான் கேள்வி.

ரிச்சித்தெரு:
திறக்கச் சொன்னேனா நான்? 2008-ல என்விடியா கிராபிக்ஸ் சிப் கோளாறுல கொத்துக் கொத்தா லேப்டாப் செத்தப்ப, அந்தக் கம்பெனியே 19 கோடி டாலருக்கு மேல ஒதுக்கி வெச்சுது. ஹெச்பி டிவி6000 லேப்டாப் எங்க ரிச்சித் தெரு ரிப்பேர் கடைகளுக்கு மூட்டை மூட்டையா வந்தது. சர்வீஸ் சென்டர்ல போர்டு மாத்தி வாங்கினவனும் கொஞ்ச நாள்ல எங்ககிட்டதான் வந்து நின்னான். அவனும் அங்கே கையெழுத்து போட்டுட்டு வந்தவன்தான்.

கிண்டிக்காரன்:
நீங்க ஹாட் ஏர் கன்ல சிப்பைச் சூடேத்தி வறுத்துக் கொடுத்தது மட்டும் நின்னுச்சாக்கும்?

ரிச்சித்தெரு:
நிக்காதுன்னு சொல்லித்தான் காசு வாங்கினோம். சொல்லாம வாங்கல.

சட்டம்பிள்ளை:
நண்பர்களே, அடிப்படையை ஒருமுறை பார்ப்போம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(11). சேவையின் தரத்தில், செய்யும் முறையில் உள்ள குறை, போதாமை, கவனக்குறைவு எல்லாமே சேவைக் குறைபாடு. பொருளில் உள்ள பழுது தனி, அது 2(10). இவருடைய வழக்கு முதல் வகை. ஓடிபி என்பது ஒப்புகைச் சீட்டு மாதிரி ஒரு சான்று, அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாத குறையை அது மன்னித்துவிடாது.

கிண்டிக்காரன்:
அதே சட்டத்துல இலவச சேவை வராதுன்னும் இருக்கே வக்கீல் சார், அதை ஏன் விழுங்கிட்டீங்க? வாரண்டி ரிப்பேருக்கு இவர் ஒரு பைசா கட்டல. ஓடிபி மட்டும்தான் கொடுத்தார்.

சட்டம்பிள்ளை:
வாரண்டிக்கான காசு பொருளின் விலையிலேயே அடங்கியிருக்கிறது. அதை இலவசம் என்று யார் சொன்னது?

கிண்டிக்காரன்:
பில்லுல தனியா போட்டிருக்கானா? இல்லல்ல?

கரிசல்காடு:
இவ்வளவு பேச்சு எதுக்கு? பழுதான பொருளால வர்ற தீங்குக்குப் 'பொருள் பொறுப்பு'ன்னு அதே சட்டத்துல தனி அத்தியாயமே இருக்கு, பிரிவு 82-ல இருந்து 87 வரைக்கும். தயாரிப்பாளர் மேல நேரா நஷ்டஈடு கேளுங்க, லட்சக்கணக்குல வாங்கலாம்.

சட்டம்பிள்ளை:
கரிசல் சார், 2(22) படியுங்கள். பொருளுக்கே ஏற்பட்ட சேதம் அந்த அத்தியாயத்தில் 'தீங்கு' கணக்கில் வராது. பேட்டரி வெடித்து மடி வெந்திருந்தால் நீங்கள் சொல்வது சரி.

கரிசல்காடு:
சரிங்க நீதிபதி ஐயா. மத்தவன் எது சொன்னாலும் திருத்துறதுக்குன்னே ஒருத்தர் இருக்கார். போன மாசம் ஜிஎஸ்டி இழையிலயும் இதே வேலைதான்.

தாம்பரம்லோக்கல்:
ஆப்பிள் மேக்புக் லேப்டாப்புல வந்த பட்டர்ஃப்ளை கீபோர்டு ஞாபகம் இருக்கா? 2015-ல வந்தது. தூசி போனா எழுத்து ரெண்டு தடவை விழும், இல்ல விழவே விழாது. 2018-ல இலவச ரிப்பேர் திட்டம் அறிவிச்சான். மாத்திக் கொடுத்ததும் அதே வகை கீபோர்டு! ரிப்பேரே ரிப்பேர் இல்லன்னு ஜனங்க கோர்ட்டுக்குப் போய், 2022-ல 5 கோடி டாலருக்கு சமரசம் ஆச்சு. ரெண்டு தடவையோ அதுக்கு மேலயோ மாத்தினவங்களுக்கு 395 டாலர் வரைக்கும். ரிப்பேரை வாங்கிட்டுப் போனதுனால யாரும் வாயைப் பொத்திக்கல.

கிண்டிக்காரன்:
அமெரிக்காவுல ஓடிபி கேட்டானா?

தாம்பரம்லோக்கல்:
அண்ணே, உங்களுக்கு அந்த மூணெழுத்தைத் தவிர வேற எதுவுமே வராதா?

கிண்டிக்காரன்:
அதான் விஷயம், அதான் வருது. கவுண்டர்ல நிக்கிற பையனுக்கு மாசச் சம்பளம் எவ்வளவுன்னு தெரியுமா உங்களுக்கு? ஓடிபி வாங்கலன்னா ஜாப் திறந்தே கிடக்கும், மேனேஜர் அவனைத்தான் பிறாண்டுவான். நீங்க எண்ணையும் சொல்லிட்டு, வீட்டுக்குப் போய் கட்டில்ல குப்புறப் படுத்துக்கிட்டு மூடியை எந்தக் கோணத்துலயோ திறப்பீங்க. அதுக்கும் அவனே பதில் சொல்லணும்.

ஊத்துக்குளிவெண்ணெய்:
பையனை யார் திட்டினது? கம்பெனியைத்தானே கேக்கிறேன்! காணாமப்போன திருகுக்கும் நான் குப்புறப் படுத்ததுதான் காரணமா?

கிண்டிக்காரன்:
திருகு கொடுக்கும்போதே இருந்துச்சுன்னு போட்டோ இருக்கா?

ஊத்துக்குளிவெண்ணெய்:
லேப்டாப் வாங்கினவன் எவன்யா திருகைப் போட்டோ எடுத்து வெச்சுக்குவான்?

சட்டம்பிள்ளை:
ஊத்துக்குளி தம்பி, இவர்களை விடுங்கள். கோடு ஓடுவதை வீடியோ எடுங்கள், மூடியின் கோணம் தெரியட்டும். முதலில் லேப்டாப்பை வாங்கும்போது அவர்கள் எழுதிக் கொடுத்த ஜாப் ஷீட்டில் டிஸ்ப்ளே பற்றி ஒன்றும் எழுதவில்லை என்பதுதான் உங்கள் பலம். அதன் நகலோடு கம்பெனிக்கு மெயில் போடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகாரைப் பதியுங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

ரிச்சித்தெரு:
ரெண்டு வருஷம் இருக்கு, சரி. அதுவரைக்கும் அவர் எதுல வேலை பார்ப்பார்? வெளி மானிட்டர்ல போட்டுத்தான் ஓட்டணும்.

கரிசல்காடு:
மானிட்டர்னு எழுதுறதுக்கு ரிச்சித்தெருவுக்குக் கை கூசல போல. இங்கே விற்பனைப் பகுதியில என் தலையில கட்டினீங்களே ஒரு 22 இஞ்ச், இடது ஓரத்துல கோடு விழுந்தது, மறந்துட்டீங்களா?

ரிச்சித்தெரு:
நேர்ல வந்து பார்த்துத்தானே எடுத்துட்டுப் போனீங்க! உங்க வீட்டுல மின்சாரம் ஏறி இறங்கினதுக்கு நானா பொறுப்பு?

கிண்டிக்காரன்:
கேட்டுக்கோங்க மக்களே. கஸ்டமர் பார்த்து எடுத்துட்டுப் போயிட்டா நான் பொறுப்பில்லைங்கிறார். இதைத்தான் காலையில இருந்து கத்திக்கிட்டு இருக்கேன்.

ரிச்சித்தெரு:
அது பழைய பொருள், வாரண்டி இல்லன்னு சொல்லி வித்தது. இது வாரண்டி ரிப்பேர். ரெண்டும் ஒண்ணா?

கரிசல்காடு:
வாரண்டி இல்லன்னு எங்கே சொன்னீங்க? அந்தப் பதிவைத் தேடி எடுங்க பார்ப்போம். எடிட் பண்ணியிருந்தா அதுவும் தெரியும்.

ரிச்சித்தெரு:
ராத்திரி கடை சாத்திட்டு வந்து எடுத்துப் போடுறேன். அதுக்குள்ள உங்க பதிவை நீங்க அழிச்சிடாதீங்க.