கில்லன்-பாரே நோய்: 'ஏறுவாதம்' வேண்டாம், 'ஏறுதளர்வு' சரிவருமா?

வணக்கம்.

கில்லன்-பாரே நோய் என்பது உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கிக் கைகாலைத் தளரவைக்கும் நோய். நாம் ஆயத்தப்படுத்தும் நோயாளர் கையேட்டில் இதற்கு வைக்க இதுவரை வந்த தமிழ்ப் பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். "பல்நரம்பு அழற்சி" முதலிலேயே விழுந்துவிட்டது. எழுதியவர் பல நரம்புகளை நினைத்திருக்கிறார், வாசிப்பவரோ கடைவாய்ப் பல்லைத் தடவுவார். புணர்த்திப் "பன்னரம்பு" என்றால் இலக்கணம் சரி, ஆளுக்குத்தான் விளங்காது. ஆங்கிலச் சுருக்கமான GBS என்பதையே வைப்போம் என்ற யோசனையும் தமிழ் எழுத்தில் நிற்காது. ஜிபிஎஸ் என்றால் கைபேசியில் வழி காட்டுவதுதான் எல்லாருக்கும் நினைவு வரும்.

"ஏறுவாதம்" நல்ல சொல். 1859இல் பிரெஞ்சு மருத்துவர் லாண்ட்ரி இதை ஏறிச்செல்லும் வாதம் என்றுதான் விவரித்தார். இந்நோயில் முள்ளந்தண்டு நீரில் கலங்கள் (உயிரணுக்கள்) கூடாமல் புரதம் மட்டும் கூடுவதைக் கில்லன், பாரே, ஸ்ட்ரோல் என்ற பிரெஞ்சு மருத்துவர் மூவரும் 1916இல் எழுதினார்கள். முதலில் பாதம் விறைக்கும், பிறகு படியேற முடியாது, பிறகு கை, சிலருக்கு மூச்சும். இந்த ஏற்றத்தைத்தான் வீட்டார் முதலில் அறியவேண்டும். எனக்கு உறுத்துவது 'வாதம்' என்ற பாதி. எங்கள் பக்கம் பாரிசவாதம் என்றால் ஒரு பக்கம் இழுத்துக்கொள்வது, இதுவோ இரு பக்கமும் வரும். அதோடு வாதம் என்று காதில் விழுந்ததும் எண்ணெய் போட்டு உருவலாம் என்பார் ஒரு பெரியவர். இதற்கான சிகிச்சையை, எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலினை ஏற்றுவதோ இரத்தத்தின் நீர்ப்பகுதியை மாற்றும் பிளாஸ்மா மாற்றோ, முதல் இரண்டு கிழமைக்குள் தொடங்குவதே நல்லது. அதில் ஒரு கிழமையைப் பெயரே விழுங்கக்கூடாது.

அதனால்தான் "ஏறுதளர்வு". தளர்ச்சி என்று மாற்றிவிடாதீர்கள். 'நரம்புத் தளர்ச்சி'யைச் சுவர் விளம்பரக்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள். இந்நோயின் மில்லர் ஃபிஷர் என்ற வகை கண்ணிலல்லவா தொடங்கும் என்று கேட்பீர்கள். அதை மில்லர் ஃபிஷர் என்றே எழுதலாம். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீனும் இரசாயனத்தைக் 'கெமிஸ்தம்' என்று ஒலியோடுதான் எடுத்தார்.

அப்புறம் கையேட்டின் அட்டவணைகள். ஆண்களுக்குப் பெண்களைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வருகிறது, வயது ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது. இதற்கு "நோயாளர் பண்புகள்" என்று தலைப்பிட்டால் நன்னடத்தைச் சான்றிதழ் மாதிரி இருக்கிறது. "நோயாளர் விபரம்" போதும்.

பெரிய வில்லங்கம் 'மாரி'. மேல்நாட்டு ஆய்வுகளில் நோய் கூடுவதாக வரும் குளிர்காலத்தை மொழிபெயர்ப்பில் மாரி என்று போட்டிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் மாரி என்றால் ஐப்பசி, கார்த்திகை மழை, கிணறு கட்டுவரை நிரம்புகிற காலம். மேல்நாடுகளில் குளிர்காலக் கூடுதலுக்குச் சளி, காய்ச்சல் போன்ற சுவாசத் தொற்றுகளைக் காரணம் சொல்கிறார்கள். வட சீனக் கிராமங்களிலோ கோடையில்தான் கூடியது, அதுவும் பிள்ளைகளிடமும் இளவயதினரிடமும். அங்கே முன்னின்ற தொற்று கம்பைலோபக்டர், வயிற்றோட்டம் தருகிற கிருமி. 'மாரியில் கூடும்' என்று படிக்கும் எங்கள் ஆள், தண்ணீரால் வரும் நோயென்று நினைத்து நேரே கிணற்றை எட்டிப் பார்ப்பார். பருவத்தோடு காரணமும் மாறிப்போகும். ஆகவே குளிர்காலம் என்றே எழுதி, பக்கத்தில் மாதங்களையும் போடுங்கள். தலைப்பு "பருவகாலப் போக்கு" என்று இருக்கட்டும். 'காலம்' விடுபட்டால் சாமத்தியப்படுகிற வயதைப் பற்றிய அட்டவணை என்று நினைத்துவிடுவார்கள்.

இன்னும் ஒன்று தீரவில்லை: உடலின் எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்குவதற்கு (autoimmunity) என்ன சொல் என்பது. 'தன்னிர்ப்பீடனம்' எங்கள் பாடநூல் வழிப்பட்டது, 'தன்னுடல் தாக்கம்' கேட்டவுடன் விளங்குவது. கையேட்டுக்கு என் வாக்கு பின்னதற்கே. மறுப்பிருந்தால் அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.