கத்திரி வெயிலில் தம்பி கல்யாணம்: நாத்தனார் என்ன சேலை கட்டுவது?

நிலாமகள்

வணக்கம் தோழிகளே. வைகாசி 10ஆம் தேதி தஞ்சாவூரில் என் தம்பிக்குக் கல்யாணம். முகூர்த்தம் காலை 6 மணியிலிருந்து 7.30க்குள். நாத்தனார் முடிச்சு நான்தான் போட வேண்டும், அதனால் மேடையை விட்டு நகர முடியாது, ஹோமப் புகைக்குப் பக்கத்திலேயே இரண்டு மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும். மண்டபத்தில் மணமக்கள் அறைக்கு மட்டும்தான் ஏசி. கத்திரி வெயில் இன்னும் முடிந்திருக்காது.

போன சித்திரையில் சித்தி மகள் கல்யாணத்துக்கு என்னுடைய முகூர்த்தப் பட்டையே கட்டிக்கொண்டு போனேன். உடல் முழுக்க ஜரிகைப் புட்டா, அதோடு கையை இறுக்கிப் பிடிக்கிற ஆரி ஜாக்கெட். தாலி கட்டி முடிப்பதற்குள் கண் இருட்டிக்கொண்டு வந்துவிட்டது, பந்திக்குக்கூடப் போகாமல் அறையில் படுத்துக் கிடந்தேன். இந்த முறை அப்படி ஆகக் கூடாது, தம்பி கல்யாணத்தை நான் முழுதாகப் பார்க்க வேண்டும்.

பருத்திச் சேலை கட்டிக்கொள்கிறேன் என்றால் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "மாப்பிள்ளையோட அக்கா பட்டு கட்டாம மேடையில நிக்கிறதா" என்று வருத்தப்படுகிறார். அவர் சொல்வதும் எனக்குப் புரிகிறது. அன்று மாலையே அதே மண்டபத்தில் வரவேற்பு. பன்னிரண்டு நாள் கழித்துச் சென்னையில் தோழிக்கு வளைகாப்பு. மூன்றுக்கும் சேர்த்து 15,000 ரூபாய்க்குள் முடிக்கப் பார்க்கிறேன். நான் இருப்பது ஓசூர், இங்குள்ள குளிருக்குப் பழகிப்போன உடம்பு. என்ன கட்டலாம், சொல்லுங்கள்.

காவிரிக்கரை

நிலாமகள், நான் கும்பகோணத்துக்காரி, 61 வயசு. வைகாசிக் கல்யாணங்களில் எத்தனை முறை மேடையில் நின்றிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. அம்மா சொல்கிறபடி பட்டே கட்டும்மா. நாத்தனார் முடிச்சு போடுகிற அன்றைக்குப் பட்டு கட்டினால்தான் நமக்கும் மனசு நிறையும். ஆனால் எந்தப் பட்டு என்பதுதான் விஷயம். போன வருஷம் உன்னைப் படுக்க வைத்தது பட்டு இல்லை, அதில் இருந்த ஜரிகை. பட்டு நூல் வியர்வையை இழுத்துக்கொள்ளும், காற்றும் விடும். ஜரிகை உலோகம், அது எதையும் விடாது, கனமும் அதுதான்.

முதலில் அம்மாவின் பீரோவைத் திற. நாற்பது வருஷத்துக்கு முன்னால் வாங்கிய பட்டில் உடல் வெறுமையாகவோ சின்னக் கட்டமாகவோ இருக்கும், பார்டரில் மட்டும் ஜரிகை ஓடும். கட்டிக் கட்டித் துணியும் மெத்தென்று ஆகியிருக்கும். அதைப் பாலிஷுக்குக் கொடுத்து வாங்கினால் புதுச்சேலை மாதிரி நிற்கும், பாலிஷ் கூலியைத் தவிரக் கையை விட்டு ஒரு காசு போகாது, அம்மாவும் சந்தோஷப்படுவார். அரக்கு, மயில்கழுத்து, மாம்பழம், வாடாமல்லி என்று அந்தக் காலத்து நிறங்கள் எந்த மேடைக்கும் பொருந்தும். ஒன்று மட்டும் விசாரித்துக்கொள். பெண்ணுக்கு நீங்கள் எடுக்கும் கூறை என்ன நிறம் என்று பார்த்து, அது இல்லாத நிறமாகக் கட்டு. படத்தில் பெண் தனியாகத் தெரிய வேண்டும், அதுதான் மரியாதை.

புதிதாகத்தான் வாங்க வேண்டுமென்றால், தஞ்சாவூரிலிருந்து திருபுவனம் எவ்வளவு தூரம்? அங்கே கூட்டுறவுச் சங்கத்திலேயே பார்க்கலாம். விசிறி மடிப்பில் மடித்துக் கொடுப்பார்கள், பிரிக்கும்போது பார்க்கவே அழகாக இருக்கும். திருபுவனம் பட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஜரிகை குறைவாகக் கேட்டு வாங்கு.

அப்புறம், முகூர்த்தம் முடிந்து பந்தி ஆனதும் அறைக்குப் போய் மாற்றிக்கொள். ஒரு சுங்குடியோ கண்டாங்கியோ பையில் இருக்கட்டும். மதியம் முழுக்க சீர்த்தட்டு, தாம்பூலப் பை என்று அலையப் போவது நீதான், அதற்கும் பட்டு வேண்டாம்.

தறிவீட்டுப்பெண்

காவிரிக்கரை அம்மா சொன்னது அவ்வளவும் சரி. நான் காஞ்சிபுரம், அப்பா தறி நெய்கிறவர், அதனால் வாங்கப் போகும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

கடையில் சேலையை விரித்துப் பார்ப்பதற்கு முன்னால் மடிப்போடு கையில் வாங்கித் தூக்கிப் பாருங்கள். உடல் முழுக்க ஜரிகை ஓடினால் ஒரு கிலோவைக்கூடத் தொடும். உடலில் ஜரிகை இல்லாமல் ஒரு சாண் பார்டர் மட்டும் இருந்தால் கையிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். கோர்வை போட்டு நெய்த சேலையில் உடலும் பார்டரும் வேறு வேறு நிறத்தில் இருக்கும், ஜரிகை அதிகம் இல்லாவிட்டாலும் அந்த நிறப் பொருத்தமே எடுப்பாக இருக்கும். பார்டருக்குத் தனி நாடா, அதாவது நூலைக் குறுக்கே கொண்டு போகிற கட்டை, ஓடுவதால் தறியில் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும், எங்கள் வீட்டில் அது அம்மாவின் வேலை. அதனால்தான் கோர்வைக்கு விலை கூடுதல்.

15,000க்குள் அகலமான சுத்த ஜரிகை பார்டர் கிடைப்பது கடினம், அப்படித் தருவதாக யாராவது சொன்னால் கவனமாக இருங்கள். சுத்த ஜரிகை என்றால் சிவப்புப் பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பி சுற்றி, அதற்குத் தங்க முலாம் போட்டது. சேலை ஓரத்தில் தொங்கும் ஜரிகையை நகத்தால் லேசாகச் சுரண்டினால் உள்ளே சிவப்பு தெரிய வேண்டும். சில்க் மார்க் முத்திரை இருக்கிறதா என்று கண்டிப்பாகப் பாருங்கள், ஆனால் அந்த முத்திரை பட்டுக்கு மட்டும்தான் உறுதி தருகிறது, ஜரிகைக்கு இல்லை. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

இன்னொரு குழப்பம், சாஃப்ட் சில்க். உண்மையான சாஃப்ட் சில்க் என்பது மெல்லிய பட்டு நூலில் நெய்த நல்ல பட்டுதான். சிறுமுகையில் அருமையாக நெய்கிறார்கள். வெயிலுக்கு அதை விடப் பொருத்தமான பட்டு எனக்குத் தெரியாது. ஆனால் இணையத்தில் 900 ரூபாய்க்கு அதே பெயரில் வருவது பாலியஸ்டர். கத்திரி வெயிலில் அதைக் கட்டினால் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்ட மாதிரிதான் இருக்கும். சந்தேகம் இருந்தால் முந்தானைக் குஞ்சத்திலிருந்து இரண்டு இழை உருவி நெருப்பில் காட்டுங்கள். பட்டு என்றால் முடி கருகுகிற வாடை வரும், சாம்பல் விரலில் தூளாகும். பாலியஸ்டர் உருகி மணி மாதிரி கெட்டியாகிவிடும்.

ஊசிநூல்

ஈரோட்டில் 18 வருஷமாக ஜாக்கெட் தைக்கிறேன். எல்லோரும் சேலையைப் பற்றியே பேசுகிறீர்கள், வெயிலில் ஆளை வாட்டுவதில் பாதி ஜாக்கெட்தான், அதைக் கொஞ்சம் கேளுங்கள்.

லைனிங் துணியை நீங்களே பருத்தியில் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். கேட்காமல் விட்டால் சில இடங்களில் பாலியஸ்டர் கலந்த துணியைப் போட்டுவிடுவார்கள், வெளியே பட்டு, உள்ளே பாலியஸ்டர், வியர்வை போக வழியே இருக்காது. வாங்கிய லைனிங்கை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயவைத்து, அயர்ன் செய்து கொடுங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே அது சுருங்கி மேல்துணி கொசகொசவென்று நிற்கும். அக்குளில் இன்னொரு அடுக்கு பருத்தித் துணி வைக்கச் சொல்லுங்கள். பட்டில் வியர்வைக் கறை பிடித்தால் போகவே போகாது.

ஆரி வேலைப்பாடு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், இப்போது வருகிற கல்யாண ஜாக்கெட்டில் பெரும்பாலும் ஆரிதான், எனக்கும் அந்த வேலை ரொம்பப் பிடிக்கும். ஆனால் கை முழுக்க, முதுகு முழுக்க மணியும் கல்லுமாக நிரப்பினால் ஜாக்கெட்டே ஒரு சுமை. கை ஓரத்தில் இரண்டு அங்குலம், பின்கழுத்தில் ஒரு வரி, இது போதும். ஆரி போட்டு முடித்த பிறகுதான் லைனிங் வைத்துத் தைக்க வேண்டும், அப்போதுதான் உள்பக்க முடிச்சுகள் தோலில் உரசாது.

நீங்கள் முடிச்சு போடப் போகிறவர், அதனால் முக்கியமான விஷயம் இது. அளவு போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன்னால் நேராக மட்டும் நிற்காதீர்கள். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, ஒருவர் கழுத்துக்குப் பின்னால் கட்டுவது போலத் தூக்கிப் பாருங்கள். கைக்குழி இழுத்தால் அங்கேயே சொல்லிப் பிரித்துத் தைத்துக்கொள்ளுங்கள். முழங்கை வரை வருகிற இறுக்கமான கை இப்போது எல்லோரும் கேட்கிறார்கள், உங்களுக்கு அதை விட ஒரு அங்குலம் மேலே, விரல் நுழைகிற அளவு தளர்வாக வைத்தால் நல்லது. கொக்கி முன்பக்கம் இருக்கட்டும். முதுகுப்பக்கக் கொக்கி என்றால் மூச்சு முட்டும்போது யாரையாவது தேட வேண்டும்.

உள்பாவாடை பாப்ளின்தான். இப்போது எல்லோரும் போடுகிற ஷேப்வேர் சேலையை அழகாக உட்கார வைக்கும், அதை மறுக்கவில்லை, ஆனால் அது உடம்போடு ஒட்டுகிற செயற்கைத் துணி, ஏசி இல்லாத மண்டபத்துக்கு ஆகாது. நாடா கயிறு மாதிரி இல்லாமல் பட்டையாக இருந்தால் இடுப்பில் புண்ணாகாது. துணியைச் சித்திரைத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள். வைகாசி பிறந்த பிறகு எந்தத் தையற்கடையிலும் நிதானமாகத் தைத்துத் தர நேரம் இருக்காது.

நிலாமகள்

எல்லோருக்கும் நன்றி, படிக்கப் படிக்கவே தைரியம் வந்துவிட்டது. அம்மாவிடம் பேசினேன், காவிரிக்கரை அம்மா சொன்ன மாதிரியே பீரோவில் ஒரு அரக்குப் பட்டு இருக்கிறது, பச்சை பார்டர், கோர்வை என்றுதான் நினைக்கிறேன். நான் பிறப்பதற்கு முன்னால் பாட்டி எடுத்துக் கொடுத்ததாம். அதைக் கட்டுகிறேன் என்றதும் அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை, பிறகு தானே போய் எடுத்து வந்து என் தோளில் போட்டுப் பார்த்தார். பெண்ணின் கூறை மஞ்சள் என்பதால் நிறமும் இடிக்காது.

சரி, வரவேற்புக்கும் வளைகாப்புக்கும்? வரவேற்புக்கு வெளிர் நிற ஆர்கன்சா எடுக்கலாம் என்று தங்கை சொல்கிறாள்.

மயிலாப்பூர்வாசி

ஆர்கன்சாவில் எனக்கு உடன்பாடு இல்லை. பார்க்க இறகு மாதிரி இருக்கும், ஆனால் கடைகளில் அதிகம் வருவது பாலியஸ்டர் ஆர்கன்சா, விறைப்பாக நிற்கும், கழுத்திலும் இடுப்பிலும் குத்தும், வியர்த்தால் ஒட்டும். வெளிர் நிறம் என்பதும் பகல் வெளிச்சத்துக்குத்தான் அழகு. வரவேற்பு மேடையில் போடுகிற வெள்ளை விளக்கு வெளிச்சத்தில் அந்த இளஞ்சிவப்பும் இளநீலமும் வெளுத்துப்போய், படத்தில் சேலை நிறமே தெரியாது. மாலைக்கு ஆழ்ந்த நிறம் எடுங்கள். பாட்டில் பச்சை, கத்திரிப்பூ, இல்லாவிட்டால் எம்.எஸ்.சுப்புலட்சுமி கட்டியதால் அவர் பெயரையே வாங்கிக்கொண்ட அந்த எம்.எஸ். நீலம். தறிவீட்டுப்பெண் சொன்ன சாஃப்ட் சில்க்கில் இந்த நிறங்களைக் கேளுங்கள், உங்கள் பணத்தில் பெரும்பகுதியை அதில் போடலாம், பிறகு நவராத்திரிக்கும் மார்கழிக் கச்சேரிக்கும் அதையே கட்டலாம்.

வளைகாப்பு சென்னை என்கிறீர்கள். தஞ்சாவூர் வெயில் வேறு, இங்குள்ள புழுக்கம் வேறு. தஞ்சாவூரில் ஒரு மரத்தடியில் நின்றால் கொஞ்சமாவது ஆறும், இங்கே கடல் காற்று வருவதற்குள் பகல் முழுக்க ஈரத்தில் வேக வேண்டும். நெகமம் பருத்தி எடுங்கள், பொள்ளாச்சிப் பக்கத்து நெசவு, கட்டமும் கோடுமாக வரும், கஞ்சி போட்டால் மடிப்பு நிற்கும். மெல்லிசாக வேண்டுமென்றால் கோவை கோரா காட்டன், பட்டும் பருத்தியும் கலந்தது, லேசான பளபளப்பு இருப்பதால் சுபகாரியத்துக்கும் குறைவாகத் தெரியாது. ஆர்கன்சா அங்கேயும் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம், கண்ணாடி வளையல். அடுக்கடுக்காகப் போட்டு விடும்போது ஒரு வளையல் விரிந்திருந்தாலும் நூலில் மாட்டி இழுத்துவிடும், என் தங்கையின் சேலை அப்படித்தான் கிழிந்தது. பச்சையோ மஞ்சளோ எடுங்கள், கறுப்பு மட்டும் வேண்டாம்.

நிலாமகள்

எம்.எஸ். நீலம் என்று சொன்ன உடனே முடிவு செய்துவிட்டேன், அதுதான் வரவேற்புக்கு. நெகமமும் குறித்துக்கொண்டேன்.

ஒரு கவலை. அம்மாவின் அரக்குச் சேலையை முழுதாக விரித்துப் பார்த்தோம், நடுவில் ஒரு மடிப்பு ஓடிய இடத்தில் விரல் நீளத்துக்கு நூல் விட்டிருக்கிறது. பாலிஷ் போட்டால் தாங்குமா?

தறிவீட்டுப்பெண்

அவசரப்பட்டு பாலிஷுக்குக் கொடுத்துவிடாதீர்கள், உருளையில் இழுக்கும்போது அந்த இடம் இன்னும் விடும். முதலில் இழை ஓட்டுகிறவரிடம் காட்டுங்கள், அதே அரக்கு நிறப் பட்டு நூல் வைத்து ஓட்டிக் கொடுப்பார்கள். அது முடிந்த பிறகு பாலிஷ் போடலாமா என்று அவரையே கேளுங்கள். விட்ட இடம் நடு உடலில் என்றால் கவலையே இல்லை, அது கொசுவத்துக்குள் வரும்படி தள்ளிக் கட்டலாம், இப்போதே ஒரு முறை கட்டிப் பார்த்து எந்த மடிப்பில் விழுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். முந்தானையை ஒரே இடத்தில் நிறைய ஊசி குத்தி இழுக்காதீர்கள், பழைய பட்டு அங்கேதான் முதலில் கிழியும்.

வாசனைத் திரவியத்தைச் சேலை கட்டுவதற்கு முன்னாலேயே அடித்துக்கொள்ளுங்கள், ஜரிகையில் பட்டால் கறுக்கும். கல்யாணம் முடிந்து வந்ததும் மடிக்காமல் மின்விசிறிக் காற்றில் ஒரு ராத்திரி விரித்துப் போடுங்கள், வெயிலில் வேண்டாம். பிறகு அந்தப் பழைய மடிப்பு வராதபடி வேறு இடத்தில் மடித்து, ஒரு வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்து மடிப்பை மாற்றுங்கள்.

காவிரிக்கரை

அன்றைக்குக் காலையில் வெறும் வயிற்றோடு மேடை ஏறிவிடாதே நிலாமகள். நாலரை மணிக்கே சமையல்கட்டில் கேட்டு இரண்டு இட்லியும் ஒரு டம்ளர் மோரும் குடித்துவிட்டு அப்புறம் சேலையைக் கட்டு.