டிரெய்லர் வீல் பேரிங்: கிரீஸ் இருந்தும் ஏன் போகுது?

கரும்பு இழுக்கிற டிராக்டர் டிரெய்லர்ல ஹப்பை, அதாவது சக்கரத்தோட நடுக்குடத்தைக் கழட்டினா பல நேரம் கிரீஸ் நிறையவே இருக்கும், பேரிங் மட்டும் போயிருக்கும். தண்ணிதான் காரணம். ஓடிச் சூடான ஹப்பை அப்படியே வாய்க்கால்ல இறக்கினா உள்ளே இருக்கிற காத்து சுருங்கி, ஆயில் சீல் (ஹப்பை மூடுற ரப்பர் வளையம்) வழியா தண்ணியை இழுத்துக்கும். கிரீஸ் மோர் மாதிரி வெளுத்திருந்தா மேல புதுசு வச்சுப் பயனில்லை. மொத்தத்தையும் வழிச்சு, டீசல்ல கழுவி, புது சீல் போடணும். பழைய சீலைத் தட்டி மாட்டவே மாட்டாதீங்க.

—

அண்ணன் சொன்னதோட இதையும் சேர்த்துக்கோங்க. கழுவின பேரிங்கை கம்ப்ரசர் காத்துல சுத்தவிடாதீங்க, ரோலர் தெறிச்சு முகத்துல அடிக்கும். துணியில துடைச்சு, வெளிச்சத்துல ஒவ்வொரு ரோலரா பாருங்க. நீலம் பூத்திருந்தா சூட்டுல வெந்தது. கப்புல (ஹப்புல உட்கார்ற வெளி வளையம்) சொறி, வரிப்பள்ளம் இருந்தா கோனும் (ரோலரோட இருக்கிற உள் வளையம்) கப்பும் ஜோடியா மாத்தணும்.

—

கிரீஸ்ல ஏபி 3 ரகம் இல்லைன்னா லித்தியம் காம்ப்ளெக்ஸ் ரகம் போதும். பழைய கிரீஸ் எதுன்னு தெரியலைன்னா மிச்சமில்லாம கழுவிடுங்க. ஒண்ணுக்கொண்ணு சேராத கிரீஸ் கலந்தா இளகி வடியும். உள்ளங்கையில எலுமிச்சை அளவு எடுத்து, கோனோட அகலமான பக்கத்தை அதுல அழுத்தி அழுத்தி, மறுபக்கம் ரோலர் இடுக்குல பிதுங்குற வரை ஏத்துங்க. ஹப்புக்குள்ள மூணுல ஒரு பங்கு போதும். ரொம்ப அடைச்சா சூடேறும்.

—

ஹப்ல கிரீஸ் ஏத்துற நிப்பிள் இருந்தா, கழட்டாம அது வழியா கிரீஸ் பம்ப் அடிக்கலாமா?

—

வேண்டாம் தம்பி. அழுத்தத்துல சீல் பிதுங்கிடும், பிரேக் உள்ள வண்டின்னா கிரீஸ் லைனிங்ல இறங்கும்.

நட்டுலதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. சக்கரத்தைச் சுத்திக்கிட்டே காசில் நட்டை (பின் மாட்ட வெட்டு இருக்கிற நட்டு) இறுக்கினா பேரிங் உட்காரும். அப்புறம் முழுசா தளர்த்தி, விரலால மட்டும் முடுக்குங்க. ஸ்பிளிட் பின் மாட்டுற ஓட்டை நேரா வரலைன்னா தளர்த்துற பக்கமே திருப்புங்க. இறுக்குற பக்கம் திருப்பினா ரோலர் முனை தேய்ஞ்சு கருகிடும். ஸ்பிளிட் பின் புதுசா போடுங்க.

—

ஜாக்கியை மட்டும் நம்பி ஹப்பை உருவாதீங்க, லோடை இறக்கிட்டு ஸ்டாண்டு கொடுங்க, மத்த சக்கரத்துக்குக் கட்டை வைங்க. மாட்டி 10 கி.மீ. ஓடினதும் ரெண்டு ஹப்பையும் தொட்டுப் பாருங்க. ரெண்டும் ஒரே வெதுவெதுப்புல இருக்கணும். ஒண்ணு மட்டும் கை வைக்க முடியாம சுட்டா, அங்கேயே நிறுத்தி நட்டைப் பாருங்க.